சூடு போகும் இடம்: குடாநாட்டில் கழிவு வெப்ப மீட்பைக் கற்பித்தல்



நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தீவுகளுக்குத் தேசிய மின்கட்டமைப்பின் கம்பிகள் போய்ச் சேரவில்லை. அந்தத் தீவுகளின் மின்சாரம் நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்தே வந்திருக்கிறது. டீசலோ கடல் கடந்து போக வேண்டும். அப்படிப் போய்ச் சேரும் டீசலின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 100 கிலோவாற்று மின் தரும் ஓர் இயந்திரம் ஏறத்தாழ 300 கிலோவாற்று எரிபொருட் சக்தியை உள்ளே எடுக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் கம்பியில் ஏறுகிறது. 90 கிலோவாற்று அளவு புகைபோக்கி வழியாக, 400 அல்லது 450 பாகை செல்சியஸ் சூட்டில் வெளியேறுகிறது. இன்னும் ஒரு 75 கிலோவாற்று, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரில் ஏறி, றேடியேற்றர் விசிறியால் காற்றில் வீசப்படுகிறது. மீதி மசகெண்ணெயிலும் இயந்திரத்தின் உடம்பிலும் போய்விடுகிறது. ஆக, கடல் கடந்து கொண்டுபோகும் மூன்று பரல் டீசலில் இரண்டு பரல், தீவின் காற்றைச் சூடாக்கிவிட்டு முடிந்துபோகிறது.

இந்த இரண்டு பரல்களைப் பற்றி எமது பொறியியல் மாணவர்களுக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச வந்த பொருள். கழிவு வெப்ப மீட்பு என்ற பகுதி வெப்பவியக்கவியல் நூல்களில் பெரும்பாலும் கடைசி அத்தியாயங்களில் இருக்கும். தவணை முடிவதற்குள் நேரம் மிஞ்சினால் நடத்துவார்கள். நடத்தும்போதும் ஒரு சுழலி, ஒரு வெப்பமாற்றி, ஒரு ஒடுக்கி என்று பலகையில் படம் வரைந்து, வினைத்திறனைக் கணித்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு முடிப்பார்கள். இந்த முறையில் குறை இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பலகையில் வரைந்த அந்த இயந்திரத்துக்கு ஊர் இல்லை. அதற்குப் பக்கத்து வீடு இல்லை. பக்கத்து வீடு இல்லாத இடத்தில் கழிவு வெப்ப மீட்பு என்ற பாடமே இல்லை.

காரணம் எளியது. நுரைச்சோலை மின்நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே சுன்னாகத்துக்கு வந்துவிடும். நுரைச்சோலையின் சூடு புத்தளத்தைக்கூட எட்டாது. வெந்நீரைக் குழாயில் சில கிலோமீற்றர் கொண்டுபோகலாம். டென்மார்க்கில் 1903 இலேயே பிரடெரிக்ஸ்பெர்க்கில் குப்பை எரிக்கும் நிலையத்தின் சூட்டைச் சுற்றுவட்டாரக் கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்பத் தொடங்கினார்கள். அது குளிர்நாடு. வீட்டைச் சூடாக்குவதே அங்கு பெருந்தேவை. எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்க யாரும் கேட்கப்போவதில்லை. அப்படியானால் இங்கே சூடு யாருக்கு வேண்டும்? எத்தனை பாகையில் வேண்டும்? எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வேண்டும்? மாணவர் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நாங்களோ வெப்பம் எங்கே வீணாகிறது என்று தேடுவதில் தொடங்குகிறோம். வேண்டுபவரை முதலில் தேடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தால், பாடத்தின் வரிசையே மாறிவிடும்.

இந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சக்திக் கணக்கைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர் அழகையா துரைராசாவை நினைக்காமல் இருக்க முடியாது. வடமராட்சியில் கம்பர்மலையிற் பிறந்தவர். 1988 முதல் 1994 இல் மறையும்வரை இப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். சைக்கிளில் பல்கலைக்கழகம் வந்துபோன துணைவேந்தராகவே பலருக்கு அவரைத் தெரியும். மண் பொறியியல் படித்தவர்களுக்கு அவர் பெயர் வேறு விதமாகத் தெரியும். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது, களிமண்ணை நசுக்கும் பரிசோதனைகளில் எவ்வளவு வேலை உள்ளே போகிறது, அதில் எவ்வளவு மண்ணுக்குள் சேமிப்பாக நிற்கிறது, எவ்வளவு உராய்வில் சிதறிப் போகிறது என்று அவர் கணக்கெடுத்தார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963 இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் கேம் கிளே மாதிரியின் வேர்களில் ஒன்று. சிதறிப் போகும் சக்தியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாமல், அதையே கணக்கின் நடுவில் வைத்ததுதான் அந்த ஆய்வின் பலம். பொறியியற் பீடம் கிளிநொச்சியில் அமைய வேண்டும் என்று எண்ணியவரும் அவர். அந்தப் பீடம் இன்று அங்கே அறிவியல் நகரில் இருக்கிறது. இழப்பை எழுதிப் பார்க்கும் பழக்கத்தை இந்தப் பீடத்தின் மாணவர்கள் வெளியிலிருந்து இரவல் வாங்கத் தேவையில்லை.

இனி வெப்பத்தின் தரம். 1824 இல் சாடி கார்னோ காட்டியது இதுதான்: ஒரு வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எத்தனை பாகையில் இருக்கிறது, அதைக் கொட்டும் குளிர்ந்த இடம் எத்தனை பாகையில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 350 பாகைப் புகையையும் 30 பாகை யாழ்ப்பாணக் காற்றையும் வைத்துக் கணித்தால் கோட்பாட்டு உச்சம் 51 வீதம். 85 பாகை றேடியேற்றர் நீருக்கு அதே உச்சம் 15 வீதம். உண்மையான இயந்திரம் அதில் பாதியைத் தந்தாலே பெரிது. ஐரோப்பிய நூலில் இதே 85 பாகை நீருக்கு 21 வீதம் என்று போட்டிருப்பார்கள். அங்கே குளிர்ந்த முனை 10 பாகை. நூலிலுள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே ஒரு திட்டம் வரையும் மாணவர், முதல் வரியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக எதிர்பார்த்துவிடுகிறார்.

குளிர்ந்த முனையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நூல்களில் வரும் மின்நிலையம் எப்போதும் ஓர் ஆற்றங்கரையில் இருக்கும். எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடும். நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய நன்னீர். அதைக் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். ஒடுக்கியைக் குளிர்விக்க அதைத் தொட முடியாது. கடற்கரையானால் கடல் நீர், உள்நாடானால் காற்று, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் குளிருக்குத்தான். கழிவு வெப்பத்திலிருந்து மின் எடுக்கும் சிறு திட்டங்கள் இங்கே பெரும்பாலும் கணக்கில் தோற்பதற்கு இதுவே முதற் காரணம். தோற்கும் கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியர் சொல்லி நம்புவது போதாது.

பெரிய அளவில் கதை வேறு. கெரவலப்பிட்டியில் யுகதனவி மின்நிலையத்தின் 300 மெகாவாற்றில் ஏறத்தாழ 100 மெகாவாற்று, வாயுச் சுழலிகளின் புகையில் கொதித்த நீராவி தருவது. அந்த 100 மெகாவாற்றுக்குக் கூடுதலாக எரிபொருள் எரிப்பதில்லை. களனிதிஸ்ஸவின் கூட்டுச் சுற்று நிலையமும் இதே வகைதான். மாணவரை ஒருமுறை அங்கே அழைத்துப் போவது நல்லது. அதோடு நிறுத்தினால், கழிவு வெப்ப மீட்பு என்பது கொழும்பில் பெரும் முதலீட்டில் நடக்கும் காரியம் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனதில் பதிந்துவிடும்.

எமது பக்கத்தில் சுன்னாகத்தில் மின்சார சபையின் உத்துரு ஜனனி நிலையம் இருக்கிறது. மூன்று இயந்திரங்கள், ஏறத்தாழ 25 மெகாவாற்று, கன எண்ணெயில் இயங்குவது. கன எண்ணெய் சாதாரண சூட்டில் தார் போலக் கிடக்கும். இயந்திரத்துக்குள் பீச்சுவதற்கு முன் அதை 100 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். இவ்வகை நிலையங்களில் அந்தச் சூட்டைப் புகைபோக்கியில் வைத்த கொதிகலனே தருவது வழக்கம். கழிவு வெப்பம் மிகச் சிறப்பாகப் பயன்படும் இடம் அதுதான்: வேண்டுபவர் அதே மதிலுக்குள் இருக்கிறார், இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் அவருக்கும் சூடு வேண்டும், பாகையும் பொருந்துகிறது. விரிவுரையில் இரண்டு மணி நேரம் சொல்வதை அந்தக் குழாய்களின் அருகே பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

சுன்னாகம் என்றவுடன் உங்களில் பலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனங்கள் பவுசரில் வந்த தண்ணீருக்காகக் காத்து நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அங்கு இயங்கிய தனியார் மின்நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வெப்பவியக்கவியலின் முதல் வகுப்பில் மாணவருக்கு ஓர் எல்லைக்கோடு வரையச் சொல்லிக் கொடுக்கிறோம். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று அந்தக் கோட்டைக் கடக்கும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மின் வெளியேறுகிறது என்று மட்டும் எழுதிவிட்டு, சூட்டையும் புகையையும் எண்ணெய்க் கழிவையும் எழுதாமல் விடுகிற மனப்பழக்கம் ஒன்றுதான். அந்தப் பழக்கம் சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் இறங்கியது. வெப்பம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆனாலும் அது அதே எல்லைக்கோட்டைத்தான் கடந்து போகிறது. கழிவு வெப்பப் பாடத்தை நான் சுற்றுச்சூழற் பாடத்திலிருந்து பிரித்து நடத்த விரும்பாததற்கு இதுதான் காரணம்.

இப்போது தீவுகளின் அந்த 100 கிலோவாற்று இயந்திரத்துக்குத் திரும்புகிறேன். மாணவரோடு நான் போட விரும்பும் கணக்கு இது. படிப்படியாகப் போட வேண்டியது, இந்த அவையிலும் பொறுமையோடு கேளுங்கள்.

தீவில் நன்னீர் அரிது. நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். ஆகவே மாணவருக்கு முதலில் தோன்றும் எண்ணம், றேடியேற்றர் சூட்டால் கடல் நீரைக் காய்ச்சி வடிப்பதுதான். நல்ல எண்ணம். குறைந்த அமுக்கத்தில் 60 பாகையிலேயே நீரை ஆவியாக்கலாம். ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 2,360 கிலோயூல் மறைவெப்பம் வேண்டும். 75 கிலோவாற்று முழுவதையும் கொடுத்தால் மணிக்கு 114 லீற்றர், நாளுக்கு 2,700 லீற்றர். இழப்புகளைக் கழித்தால் 2,000 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் மகிழ்ந்துபோவார். அந்த மகிழ்ச்சியை உடனே கலைக்காமல், அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: இதே 2,000 லீற்றரை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் எடுத்தால் எவ்வளவு மின் செலவாகும்? கடல் நீரில் ஆயிரம் லீற்றருக்கு மூன்று, நான்கு அலகு. சிறிய பொறியானால் ஐந்து என்று வையுங்கள். மொத்தம் 10 அலகு. இந்த இயந்திரம் நாளுக்குத் தரக்கூடியது 2,400 அலகு. ஆக, அத்தனை வெப்பத்தையும் பிடித்து, குழாய் போட்டு, வெற்றிடம் உண்டாக்கி நாங்கள் மிச்சப்படுத்தியது 10 அலகு மின்சாரம்.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் நீரைச் சவ்வுகளால்தான் எடுக்கிறது. ஏன் என்பதை இந்தக் கணக்கு விளக்கிவிடும். அவ்வளவு நீருக்கு அந்த வகையில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் அலகு அளவில் மின் வேண்டியிருக்கும். வெப்பத்தால் எடுப்பதானால் ஒரு பெரிய அனல்மின் நிலையமே பக்கத்தில் இருக்க வேண்டும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அப்படி இருந்த இடங்களில் செய்தும் பார்த்தார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் நீராவியைக் கொண்டு நாளுக்கு 4,500 கனமீற்றர் நீரை வடிக்கும் பிரிவும், சவ்வுகளால் 1,800 கனமீற்றர் எடுக்கும் பிரிவும் சேர்ந்து ஒரே நிலையமாக அமைந்தன. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், வடசென்னை அனல்மின் நிலையத்தின் ஒடுக்கியிலிருந்து வெதுவெதுப்பாக வெளியேறும் கடல் நீரைக் குறைந்த அமுக்கத்தில் ஆவியாக்கி, நாளுக்கு 150 கனமீற்றர் நன்னீர் எடுத்துக் காட்டியது. எங்கள் மாணவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் படிக்க வேண்டும். மொழி ஒன்று, கடல் ஒன்று, காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்று.

நீர்க் கணக்கு சிறுத்துவிட்டது. புகையை எடுப்போம். 450 பாகையில் வெளியேறும் புகையை 180 பாகை வரை குளிர்வித்தால் 90 இல் 58 கிலோவாற்று கைக்கு வரும். அதற்குக் கீழே போனால் எரிபொருளிலுள்ள கந்தகம் அமிலமாகக் குழாயில் படிந்து இரும்பைத் தின்னும். இந்த 58 கிலோவாற்றை அமோனியா உறிஞ்சற் குளிரூட்டிக்குக் கொடுக்கலாம். புதிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் பெர்டினான்ட் கரே 1859 அளவில் செய்தது. அமுக்கி இல்லை, வெப்பமே அதை ஓட்டும். கொடுக்கும் வெப்பத்தில் 40 வீதம் குளிராகக் கிடைத்தால் 23 கிலோவாற்று. 30 பாகை நீரை ஐஸ் கட்டியாக்கக் கிலோவுக்கு 470 கிலோயூல் அளவு போதும். நாளுக்கு நான்கு தொன்னுக்குச் சற்று மேல் வரும். அதே நான்கு தொன் ஐஸை மின்சாரத்தால் செய்தால், எங்கள் காலநிலையில் தொன்னுக்கு 70 அலகு என்று பார்க்க, 280 அலகு வேண்டும். இயந்திரத்தின் நாள் உற்பத்தியில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல்.

நீர் 10 அலகு, ஐஸ் 280 அலகு. ஒரே இயந்திரம், ஒரே நாள். வெப்பத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதால் வந்த வேறுபாடு. மீன் பிடிக்கிற தீவுக்கு ஐஸ் எவ்வளவு பெறுமதி என்பதைக் குருநகரிலோ மயிலிட்டியிலோ இருந்து வந்த மாணவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐஸ் இல்லாத நாளில் சம்மாட்டி கேட்ட விலைக்கு மீனை விட வேண்டும்.

அப்போது றேடியேற்றரின் 75 கிலோவாற்று? 85 பாகை நீரால் ஐஸ் செய்வது எங்கள் காலநிலையில் கடினம். அதைச் சூடாகவே பயன்படுத்துவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாடு காயாது, புழு வைத்துவிடும். 55 பாகைக் காற்றை ஊதும் ஒரு உலர்த்தும் அறைக்கு இந்த வெப்பம் தாராளம். பாதிக்கு மேல் வீணானாலும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு தொன் நீரை மீனிலிருந்து எடுக்கும். அவித்துக் காயவைக்கும் கடலட்டைக்கும் இதே அறை பொருந்தும். இதில் சுழலி இல்லை, அமோனியா இல்லை, ஒரு பழைய லொறி றேடியேற்றரும் விசிறியும் போதும். மாணவர் சிலருக்கு இது பொறியியலாகவே தோன்றாது. அந்த எண்ணத்தை மாற்றுவது ஆசிரியரின் கடமை என்று நினைக்கிறேன். நான்கு ஆண்டு படித்தவர் மிக எளிய விடையைத் தேர்ந்தெடுக்கத் துணிய வேண்டும். துணிவு கணக்கிலிருந்து வர வேண்டும்.

மேற்சொன்ன கணக்கெல்லாம் இயந்திரம் நாள் முழுவதும் முழுச் சுமையில் ஓடினால் வரும் உச்ச அளவு. உண்மையில் தீவின் சுமை மாலையில் ஏறும், நள்ளிரவில் இறங்கும். சுமை குறைந்தால் புகையின் சூடும் குறையும். அதனால்தான் அளந்து பார்க்காமல் இந்தப் பாடத்தை நடத்தக்கூடாது என்று வற்புறுத்துகிறேன். வெப்பவிணை ஒன்றைப் புகைபோக்கியில் நுழைத்துச் சூட்டை அளப்பது எளிது. புகையின் பாய்ச்சலை அளப்பதுதான் கடினம். அதை நேரே அளக்க முடியாதபோது, எரிந்த எரிபொருளையும் புகையில் மிஞ்சிய ஒட்சிசனையும் வைத்துக் கணக்கிடலாம். இதைப் பரீட்சைத் தாளில் ஒரு வரியாகத் தந்துவிடுகிறோம்: புகையின் பாய்ச்சல் இவ்வளவு எனக் கொள்க. அந்த ஒரு வரியைத் தாமே கண்டுபிடிக்க மாணவர் ஒரு முழுநாள் கரியோடும் இரைச்சலோடும் நிற்க வேண்டியிருக்கும். நிற்கட்டும். புகைக்கரி வெப்பமாற்றியின் குழாயில் எவ்வளவு வேகமாகப் படிகிறது, அதைச் சுரண்டுவதற்குக் கதவு எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் புரியும்.

அறிவியல் நகரிலிருந்து அதிக தூரம் போகவும் தேவையில்லை. கிளிநொச்சி, பரந்தன் பக்கத்து அரிசி ஆலைகளில் புழுங்கல் நெல் ஊற 70 பாகை வெந்நீர் வேண்டும். அதே முற்றத்தில் உமி எரியும் கொதிகலனின் புகை 200 பாகைக்கு மேல் வெளியேறும். இடையில் ஒரு குழாய்த் தொகுதி வைத்தால் போதும்; எட்வேர்ட் கிரீன் என்ற ஆங்கிலேயர் 1845 இல் காப்புரிமை பெற்ற பொறி அது. புகையின் சூட்டில் 20 பாகை குறைத்தால் கொதிகலனின் வினைத்திறன் ஏறத்தாழ ஒரு வீதம் கூடும் என்பது ஆலைகளில் புழங்கும் கைக்கணக்கு. பாண் போறணை இன்னும் எளிது. மாரியில் ஈர விறகை எரிக்கும் போறணையில் சூட்டின் ஒரு பகுதி விறகிலுள்ள நீரை ஆவியாக்குவதில் வீணாகிறது. நாளைக்கு எரிக்கும் விறகை இன்றைய புகைபோக்கியின் அருகே அடுக்கி உலர்த்தினால், அதுவும் கழிவு வெப்ப மீட்புத்தான். அதன் பயனைத் தராசும் விறகின் விலையும் வைத்து மாணவர் கணக்கிட்டுக் காட்டலாம்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் சொல்ல வேண்டும். 1950 இல் உற்பத்தி தொடங்கி, 1990 இல் போரோடு நின்றது. உலகில் கழிவு வெப்ப மீட்புக்குப் பேர்போன தொழில் சீமெந்துதான். உலர் முறைச் சூளையின் 300 பாகைப் புகையிலிருந்து ஒரு தொன் கிளிங்கருக்கு 30 அலகு அளவில் மின் எடுக்கிறார்கள். ஜப்பானும் சீனாவும் இதில் முன்னே போய்விட்டன. அந்த ஆலை மீண்டும் எழ வேண்டுமா என்பது நிலத்தடி நீரையும் காணியையும் பற்றிய பெரிய கேள்வி, அதற்குள் இன்று போகவில்லை. ஆனால் அப்படி ஒரு முடிவெடுக்கும் மேசையில் எல்லைக்கோடு வரையத் தெரிந்த இந்த மண்ணின் பொறியியலாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

கற்பித்தலில் நான் கேட்கும் இன்னொரு மாற்றம் மொழி சார்ந்தது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அரிசி ஆலைக்காரரிடமும் ஐஸ் தொழிற்சாலை நடத்துபவரிடமும் மாணவர் தமிழில்தான் பேச வேண்டும். ஒவ்வொரு களவேலைக்கும் இரண்டு பக்கத்தில் தமிழில் ஓர் அறிக்கை எழுதி உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும் என்று விதிக்கலாம். எவ்வளவு விறகு மிஞ்சும், எவ்வளவு செலவாகும், எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும், எது பழுதாகும், பழுதானால் யார் திருத்துவார் என்ற ஐந்து விடயங்கள் அதில் இருந்தால் போதும். கடைசி விடயத்தை எழுதத்தான் மாணவர் அதிகம் திணறுவார்கள். சங்கானையில் ஒரு ஒட்டுப் பட்டறையில் திருத்த முடியாத வெப்பமாற்றியை அனலைதீவில் வைக்கக்கூடாது.

சூடு தருபவற்றையும் வேண்டுபவற்றையும் ஒரே வரைபடத்தில் பொருத்திப் பார்க்க லின்ஹொஃப் 1970களின் இறுதியில் வளர்த்தெடுத்த பிஞ்ச் பகுப்பாய்வை எங்கே வைப்பது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். இத்தனைக்கும் பிறகு வையுங்கள். ஓர் ஆலையில் சூடு தருபவை எவை, வேண்டுபவை எவை என்று இரண்டு பட்டியலைக் கையால் எழுதிப் பார்த்த மாணவருக்கு அந்த வரைபடம் ஒரே மணி நேரத்தில் புரியும். முன்பே கொடுத்தால் கணினி நிரல் தரும் விடையை நம்பிவிடுவார்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சூரிய மின் மலிந்துவிட்டது. 2024 மார்ச்சில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியன், காற்று, மின்கலம் சேர்ந்த கலப்பு மின்தொகுதி அமைக்க, இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் ஒப்பந்தமாயிற்று. டீசல் ஓடும் நேரம் குறையும்போது அதன் கழிவு வெப்பத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இந்தக் கேள்வியை மாணவரே எழுப்ப வேண்டும். எழுப்பினால் முழுப் புள்ளி கொடுப்பேன். டீசலைத் தொடர்ந்து எரிப்பதற்குக் கழிவு வெப்பம் ஒரு சாக்காக ஆகிவிடக்கூடாது. இயந்திரம் நாளுக்கு ஆறு மணி நேரமே ஓடப்போகிறது என்றால் அமோனியாப் பொறி போட்ட காசைத் திருப்பித் தராது. உலர்த்தும் அறை தரக்கூடும். அதே தீவில் சூரிய மின்னில் ஓடும் ஐஸ் பொறி வந்தால், அதன் ஒடுக்கியிலிருந்து 45 பாகையில் சூடு வெளியேறும், அதற்கும் ஒரு வேண்டுபவர் உண்டு. எரிபொருள் மாறும், சூடு வெளியேறுவது மாறாது. அரிசி ஆலையும் போறணையும் நாளைக்கும் எரியும்.

2022 மார்ச் இறுதியில் இந்த நாடு நாளுக்கு 13 மணி நேரம் மின்னின்றி இருந்தது. இன்று வகுப்பில் இருப்பவர்கள் அப்போது எரிபொருள் வரிசையில் நின்ற பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். சக்தியின் பெறுமதியை இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அளக்கும் கருவியையும், அளப்பதற்கு நேரத்தையும், பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே போக ஒரு வாகனத்தையும் கொடுக்க வேண்டும்.

ஆகவே பீடத்தின் முன் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு முழுத் தவணை, வாரத்தில் ஒரு நாள், நால்வர் கொண்ட குழுவாக மாணவர் ஒரே ஆலைக்கோ வெதுப்பகத்துக்கோ ஐஸ் தொழிற்சாலைக்கோ தொடர்ந்து போகட்டும். புள்ளியில் பாதி அளவீட்டுக்கு, கால் பங்கு தமிழ் அறிக்கைக்கு, மீதி வடிவமைப்புக்கு. எந்தத் திட்டமும் இலாபமில்லை என்று கணக்கு காட்டினால், அதை நிறுவிய குழுவுக்கும் அதே புள்ளி. நான்காம் ஆண்டில் அவர்கள் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், உரிமையாளர் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். அந்த விடைகளைப் பீடம் சேர்த்து வைத்தால், அடுத்த ஆண்டு விரிவுரை அதிலிருந்து தொடங்கலாம்.